தண்ணீர் மேல் ஒரு வாசல்

சுற்றுலாவுக்குக் கூட்டிவந்த ஜேசுராஜ் அறைச் சாவிகளை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு, கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "பழனிசெட்டிபட்டி தங்கப்பாண்டியன் அண்ணாச்சி, இருநூத்தி ஆறு." தங்கப்பாண்டியன் வேட்டி இல்லாத சங்கடத்தோடு, மகள் வாங்கிக் கொடுத்த முக்கால் கால்சட்டையை இழுத்துவிட்டபடி எழுந்து போனார். "பண்ணைப்புரம் சுருளிராஜன் அண்ணாச்சி, இருநூத்தி ஏழு." சுருளிராஜனும் எழுந்தான். சாவித் தட்டுக்கு முன்னால் இருவரும் முழங்கை உரசும் தூரத்தில் நிற்க நேர்ந்தது. ஒருவர் கூரையில் இருந்த விளக்கைப் பார்த்தார். இன்னொருவன் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தான். இரண்டு சாவிகளும் இரண்டு திசையில் போயின. முனீஸ்வரி கையிலிருந்த எலுமிச்சைச் சாற்றை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, எதிர்மேசையில் இருந்த ராஜாத்தியைப் பார்த்தாள். ராஜாத்தி முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் சிமிட்டினாள். அடுத்தடுத்த அறையாகப் போடவேண்டும் என்று ஜேசுராஜிடம் திருச்சி விமான நிலையத்திலேயே சொல்லி வைத்தது இந்த இரண்டு பேரும்தான் என்பது கணவன்மாருக்குத் தெரியாது.

தங்கப்பாண்டியன் முனீஸ்வரியின் கணவர். சுருளிராஜன் அவளுடைய ஒரே தம்பி. இருவருக்கும் சிமெண்டு வியாபாரம், அதுவும் ஒரே கம்பெனிச் சிமெண்டு. போன வருடம் நிறைய மூட்டை விற்ற கடைக்காரர்களையும் அவர்கள் வீட்டுக்காரிகளையும் கம்பெனி வியட்நாமுக்குக் கூட்டிப்போகிறது என்று அறிவிப்பு வந்தபோது, தேனிப் பக்கத்திலிருந்து போகிற பெயர்களில் தன் மச்சினன் பெயரும் இருக்கும் என்று தங்கப்பாண்டியன் நினைக்கவில்லை. சுருளிராஜனும் நினைக்கவில்லை. முனீஸ்வரிக்கும் ராஜாத்திக்கும் மட்டும் தெரியும். அந்த இரண்டு பெண்களும் ஒன்பது வருடமாகத் தினமும் மத்தியானம் போனில் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆண்கள் பேசிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

பேச்சு நின்றுபோனது ஹேமாவதியின் சடங்கு அன்றைக்கு. முனீஸ்வரியின் மகள் பெரிய மனுஷியானதற்குத் தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும், முதல் மாலையைத் தாய்மாமன் போட வேண்டும். சுருளிராஜன் டிராக்டர் நிறையச் சீர் ஏற்றிக்கொண்டு மேளதாளத்தோடு பண்ணைப்புரத்திலிருந்து கிளம்பினான். வீரபாண்டி தாண்டும்போது டயர் பஞ்சர். இங்கே நல்ல நேரம் முடியப்போகிறது என்று பங்காளிகள் நெருக்கினார்கள். தங்கப்பாண்டியன் தூரத்து முறையில் மாமனாகும் ஒருவரைவிட்டு மாலையைப் போடச் சொல்லிவிட்டார். சுருளிராஜன் தெருமுனைக்கு வந்து சேர்ந்தபோது சாப்பாட்டில் இரண்டாவது பந்தி உட்கார்ந்திருந்தது. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னால் வந்த டிராக்டரிலிருந்து சீரையெல்லாம் வேப்பமரத்தடியில் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான்.

பழங்களை ஆடு தின்றது. பாத்திரங்களைப் பெண்கள் கமுக்கமாக உள்ளே எடுத்து வைத்தார்கள். ஆனால் ஆளுயரக் கண்ணாடி வைத்த இரும்புப் பீரோவை என்ன செய்வது? தங்கப்பாண்டியன் உள்ளே எடுத்தால் இறங்கிப்போனதாகிவிடும். சுருளிராஜன் திருப்பி எடுத்துப்போனால் கொடுத்த சீரைப் பிடுங்கியதாகிவிடும். ஆகவே அது மரத்தடியிலேயே நின்றது. மழையில் நனைந்தது, வெயிலில் காய்ந்தது. தெருப் பையன்கள் அதில் வாலிபால் வலையை வைத்துப் பூட்டினார்கள். இன்றைக்கும் தேனி பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அதன் கண்ணாடியில் தலை சீவிக்கொண்டுதான் ஏறுகிறார்கள்.

இப்போது ஹேமாவதிக்குக் கல்யாணம். ஆண்டிபட்டி மாப்பிள்ளை, ஆவணியில் முகூர்த்தம். அவர்கள் வழக்கத்தில் முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு, இரண்டாவது தாய்மாமனுக்கு. புருஷனும் பெண்டாட்டியுமாகத் தாய்மாமன் வீட்டு வாசலேறி, தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வைத்துக் கொடுக்க வேண்டும். அதன்பிறகுதான் மற்ற யாருக்கும் கொடுக்கலாம். தங்கப்பாண்டியன் குலதெய்வத்துக்கு வைத்தார். அங்கேயே நின்றுவிட்டார். மீதிப் பத்திரிகைகள் கட்டுப் பிரிக்காமல் அலமாரியில் கிடக்கின்றன. கேட்கிற சொந்தக்காரர்களிடம் அச்சாபீஸில் மிஷின் ரிப்பேர் என்கிறார். "அவன் மொதல்ல எங்கிட்ட ஒரு வார்த்த பேசட்டும். நான் அவன் வாசல்ல போயி நிக்கிறேன்," என்பது அவர் கட்சி. "மச்சான் மொதல்ல எங்க வாசல மிதிக்கட்டும், நான் பேசுறேன்னு சொல்றாக மதினி," என்று ராஜாத்தி போனில் சொன்னாள். இப்படி ஒருவர் மற்றவரை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க, ஆவணி நெருங்கிக்கொண்டிருந்தது. தம்பி நிற்காத மணமேடையை முனீஸ்வரியால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். ஊருக்குத் திரும்பிவிட்டால் அவரவர் கடை, அவரவர் வீறாப்பு. இந்தக் கப்பலில் ஒரு பகல், ஒரு ராத்திரி. இங்கே யாரும் எழுந்து வீட்டுக்குப் போக முடியாது. அதை நம்பித்தான் அவள் கைப்பையில் ஒரு பத்திரிகையையும் ஒரு டப்பி குங்குமத்தையும் வைத்துக்கொண்டு விமானம் ஏறினாள்.

வியட்நாமின் ஹாலோங் விரிகுடாவை அவள் அன்றைக்குப் பாதிதான் பார்த்தாள். பார்த்த பாதியே போதும்போல இருந்தது. கடல் என்று சொன்னார்கள், ஆனால் அலை இல்லை. கண்மாய்த் தண்ணீர் மாதிரி பச்சையாக, அசையாமல் கிடந்தது. அதிலிருந்து மலைகள் செங்குத்தாக எழுந்து நின்றன, ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக, எண்ண முடியாதபடி. கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் முல்லையாற்றுத் தண்ணீர் நிரம்பி, மலையுச்சிகள் மட்டும் வெளியே தெரிந்தால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மேல்தளத்தில் கடைக்காரர்கள் எல்லோரும் கம்பியைப் பிடித்தபடி மலைகளைப் பார்த்து வாயடைத்து நின்றார்கள். அழகில் சொக்கிப்போய்விட்டார்கள் என்று ஜேசுராஜ் சந்தோஷப்பட்டார்.

"இம்புட்டும் சுண்ணாம்புக் கல்லா?" என்றார் தங்கப்பாண்டியன் கடைசியில்.

"ஆமா அண்ணாச்சி. மழையும் கடலும் கரைச்சுக் கரைச்சு இந்த மாதிரி நிக்குதாம்."

"அந்தா அந்த ஒத்த மல போதும். நம்ம ஜில்லாவுக்கு எத்தன வருசத்துக்குச் சிமெண்டு வரும்?"

"அண்ணாச்சி, இது உலகப் பாரம்பரியச் சின்னம். கை வைக்க முடியாது."

"கை வைக்கணும்னு யாரு சொன்னா. கணக்குத்தான பாக்குறோம்."

எதிர்ப்பக்கக் கம்பியோரம் சுருளிராஜனும் ஒரு மலையைக் கண்ணை இடுக்கிப் பார்த்து உதட்டுக்குள் ஏதோ பெருக்கிக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் ஒரே புத்திதான், பேசினால் எவ்வளவு ஒத்துப்போகும் என்று முனீஸ்வரிக்கு எரிச்சலாக வந்தது.

முதலில் ஒரு குகைக்குக் கூட்டிப்போனார்கள். மலையின் வயிற்றுக்குள் கல்யாண மண்டபம் போலப் பெரிய கூடம், கலர் கலராக விளக்கு. வழிகாட்டி துவான் என்ற இளைஞன் பாறைகளைக் காட்டி, இது ஆமை, இது டிராகன், இது காதலர்கள் என்று ஆங்கிலத்தில் சொல்ல, ஜேசுராஜ் தமிழில் சொன்னார். நம் ஆட்களுக்கு அது நந்தியாகவும் தவிலாகவும் பந்தியில் குனிந்து பரிமாறுகிற ஆளாகவும் தெரிந்தது. ஓரிடத்தில் வழி ஒடுங்கி, ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும் என்று வந்தது. முனீஸ்வரி சட்டென்று குனிந்து செருப்பைச் சரிசெய்கிற சாக்கில் ஒதுங்கி, புருஷனுக்குப் பின்னால் தம்பி வருகிற மாதிரி செய்தாள். இருட்டு, நெருக்கம், வழுக்குப் பாறை, ஒரு கை பிடித்தால் போதும். தங்கப்பாண்டியன் திரும்பிப் பார்த்தார். பின்னால் வருவது யார் என்று தெரிந்ததும் சுவரோடு சுவராக ஒட்டி நின்று, பெரிய மனசோடு ஒரு கொரியச் சுற்றுலாக் கூட்டம் முழுவதையும் முன்னால் போகவிட்டார். கொரியக்காரர்கள் ஒவ்வொருவராக அவருக்குக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மத்தியானம் துடுப்புப் படகு. நீளமாக, ஒடிசலாக, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் உட்காருகிற பிளாஸ்டிக் படகு. முனீஸ்வரி தனக்குத் தலைசுற்றும் என்றாள். ராஜாத்தியும் அதையே சொன்னாள். வயதான பெண்களுக்கு என்று, உள்ளூர்க்காரி ஒருத்தி துடுப்புப் போடும் மூங்கில் பரிசல் தனியாக இருந்தது. மற்றவர்கள் எல்லாம் ஜோடி ஜோடியாக ஏறிப்போன பிறகு, ஒரு படகும் இரண்டு ஆண்களும் மிஞ்சினார்கள்.

"தனியாப் போக விட மாட்டாங்க அண்ணாச்சி. ரூல்," என்றார் ஜேசுராஜ், யாரையும் பார்க்காமல்.

வரவில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் தண்ணீரில் போடிக் கடைக்காரரும் சின்னமனூர்க் கடைக்காரரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கப்பாண்டியனுக்கு நீச்சல் தெரியாது, அது சுருளிராஜனுக்குத் தெரியும், அது தங்கப்பாண்டியனுக்கும் தெரியும். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் ஏறினார். சுருளிராஜன் பின்னால் ஏறினான். பெண்களின் பரிசல் அவர்களைத் தொட்டுக்கொள்ளாத குறையாகப் பின்தொடர்ந்தது.

மலையின் அடியில் ஒரு தாழ்வான வளைவு. தலை குனிந்து அதற்குள் நுழைந்தால், நாலு பக்கமும் செங்குத்துப் பாறை சூழ்ந்த ஒரு குளம் திறந்தது. மேலே ஒரு வட்டம் வானம், பாறையில் சில குரங்குகள், சொட்டுகிற தண்ணீரின் சத்தம். முனீஸ்வரி தன்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்த அழகான இடத்தின் நட்டநடுவில் தங்கப்பாண்டியனும் சுருளிராஜனும் ஒரே பக்கமாகத் துடுப்புப் போட்டு, செக்கு மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

மூன்றாவது சுற்றில் தங்கப்பாண்டியன் எதிரே இருந்த பாறையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "ஏ கல்லு. பின்னாடி ஒக்காந்துருக்கவுகளுக்கு எடது வலது தெரியாதாக்கும்."

சாடைப் பேச்சு. பேச்சு இல்லாத வீடுகளில் அதுதான் பேச்சு. ஆளைப் பார்த்துப் பேசினால்தான் பேசியதாக அர்த்தம், சுவரையோ ஆட்டையோ பார்த்துச் சொன்னால் கணக்கில் வராது. முனீஸ்வரி ராஜாத்தியின் தொடையைக் கிள்ளினாள்.

சுருளிராஜன் கொஞ்சம் யோசித்து, பாறை மேல் பேன் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குரங்கைத் தேர்ந்தெடுத்தான். "ஏ கொரங்கு. முன்னாடி இருக்கவுக துடுப்ப வச்சு ஊறுகாயக் கிண்டுன மாதிரி கிண்டுனா, பின்னாடி இருக்கவன் என்னதான் செய்வான்."

நாலு பக்கமும் பாறை என்பதால் ஒவ்வொரு வார்த்தையும் இரண்டு தடவை கேட்டது. பக்கத்துப் படகில் இருந்த துவான், இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஜேசுராஜிடம் கேட்டான். ஜேசுராஜ் வேர்த்துப்போய், சிமெண்டு வியாபாரிகள் அல்லவா, சுண்ணாம்புப் பாறையைக் கும்பிடுகிறார்கள் என்று சொல்லிவைத்தார். துவான் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"ஏ கல்லு," என்றார் தங்கப்பாண்டியன், இப்போது குரல் ஏறிவிட்டது. "ஊரே ஒக்காந்து காத்துக் கெடக்கு. நல்ல நேரம் போகுது. ஒரு போனப் போட்டு, மச்சான் செத்த பொறுங்கன்னு சொல்லியிருந்தா நான் பொறுக்க மாட்டனா."

"போனு சார்ஜ் இல்லாமச் செத்துக் கெடந்துச்சு கொரங்கே. டிராக்டர விட்டுட்டு வீரபாண்டியிலருந்து மேளக்காரகளோட ஓட்டமும் நடையுமா வந்தேன். காலு ரெண்டும் கொப்பளம். தெருமொனையில வச்சு ஒருத்தன் சொல்றான், மால போட்டாச்சுன்னு."

மால போட்டாச்சு என்று பாறையும் சொன்னது. தம்பி நடந்து வந்தான் என்பது முனீஸ்வரிக்கு இத்தனை வருடத்தில் தெரியாது. ராஜாத்தியைப் பார்த்தாள். ராஜாத்தியும் எனக்கே இப்போதுதான் தெரியும் என்பதுபோல் தலையை ஆட்டினாள். தங்கப்பாண்டியன் துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். படகு தானாகச் சுற்றி நின்றது.

"ஏ கல்லு," என்றார் மெதுவாக. "ஆவணியில கல்யாணம். தேனியில மண்டபம். வர்றவுக வரட்டும்."

சுருளிராஜனின் முதுகு மட்டும்தான் முனீஸ்வரிக்குத் தெரிந்தது.

"கொரங்கே," என்றான் அவன். "கல்லுக்குச் சொன்னா கல்லுதான் போயி மொய் எழுதணும். எங்க வாசல மிதிச்சு, தட்டு வச்சு அழைக்காம நான் போயி மேடையில நின்னா, பண்ணைப்புரத்துல எவன் மதிப்பான் என்னய."

இருவரும் கோபத்தில் துடுப்பை எடுத்தார்கள். இப்போது ஒருவர் இடது, ஒருவர் வலது, குத்துக் குத்தென்று குத்தியதில் படகு வளைவைத் தாண்டி அம்பாகப் பாய்ந்து, எல்லாருக்கும் முன்னால் கப்பலைப் போய்த் தொட்டது. ஜேசுராஜ் வேறு வழியில்லாமல் இருவர் கழுத்திலும் 'சிறந்த ஜோடி' என்று ரிப்பனில் தொங்கிய பித்தளைப் பதக்கத்தைப் போட்டுப் போட்டோ எடுத்து, கம்பெனி வாட்ஸப்பில் போட்டுவிட்டார். அது எப்படியோ சுற்றி ஹேமாவதிக்குப் போனது. "அம்மா, மாமா பேசிட்டாகளா? நெசமாவா?" என்று அவள் அனுப்பியிருந்ததை முனீஸ்வரி பரிசலில் உட்கார்ந்தே படித்தாள். படித்துவிட்டு அழுதாள். பரிசல்காரி, அறுபது வயதிருக்கும், துடுப்பைக் கீழே வைத்துவிட்டுப் பதறிப்போய்த் தன் இடுப்புப் பையைத் திறந்து எதையோ நீட்டினாள். வெற்றிலை. முனீஸ்வரி அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். நம் ஊர் வெற்றிலையேதான், காம்பு கிள்ளாதது. சுண்ணாம்பு இருக்கா என்று ஆட்காட்டி விரலில் தடவிக் காட்டிக் கேட்டாள். பரிசல்காரி சுற்றிலும் நிற்கிற மலைகளைக் கையைச் சுழற்றிக் காட்டி, காவிப் பற்கள் தெரியச் சிரித்தாள். பிறகு ஒரு சின்ன டப்பியைக் கொடுத்தாள்.

"வாசல், வாசல்ங்கிறாக," என்றாள் ராஜாத்தி, மூக்கைச் சிந்திக்கொண்டே. "கப்பல ஓட்டிக்கிட்டா மதினி பண்ணைப்புரம் போக முடியும்."

முனீஸ்வரி வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டாள். "ஒரு எடத்த வீடுன்னு எத வச்சு ஆத்தா சொல்றோம்?"

"செவுரு, கூர, கதவு."

"அது லாட்ஜு. பால் காச்சுனாத்தான வீடு."

ராஜாத்தியின் முகம் மெல்ல விரிந்தது. "உங்க தம்பி சிமெண்டு குடோன்லயே பால் காச்சித்தான் மூட்ட எறக்குன மனுசன், மதினி. இல்லேன்னு சொல்ல முடியாது அவுகளால."

அன்று சாயங்காலம் ஆண்கள் கணவாய் மீன் பிடிக்கத் தூண்டில் போட்டார்கள், பெண்கள் அரிசித் தாளில் காய்கறி சுருட்டக் கற்றுக்கொண்டார்கள். இரண்டிலும் யாருக்கும் ஒன்றும் பெரிதாகச் சிக்கவில்லை.

விடிந்ததும் மேல்தளத்தில் சீனத்து உடற்பயிற்சி. மலைகளுக்குப் பின்னால் சூரியன் எழும்ப, சிமெண்டுக் கடைக்காரர்கள் வரிசையாக வெறுங்காலோடு நின்று, துவான் செய்வதைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத பானையை மெதுவாகத் தூக்கி, மெதுவாக இறக்கி வைத்தார்கள். தங்கப்பாண்டியன் முன்வரிசையின் ஒரு கோடியில். சுருளிராஜன் பின்வரிசையின் மறுகோடியில். முனீஸ்வரி அதை உறுதிப்படுத்திக்கொண்டு படியிறங்கினாள்.

இருநூற்று ஏழாம் எண் அறைக்கு முன்னால் ராஜாத்தி முகப்பவுடரில் கோலம் போட்டு முடித்திருந்தாள். அறை துடைக்க வந்த பெண், வாளியோடு நின்று கோலத்தைப் பார்த்து, மிதிக்காமல் தாண்டிப் போனாள். உள்ளே ஜன்னலோரச் சின்ன மேசையில், தண்ணீர் சுட வைக்கிற மின்சாரக் கெண்டியில் பால் இருந்தது. தேனியிலிருந்து கொண்டுவந்த பால் பவுடரைக் கரைத்தது. "பவுடரு பால் ஆகுமா?" என்று முனீஸ்வரிக்குக் கடைசி நேரத்தில் சந்தேகம் வந்தது. "மாட்டுப் பால்தான மதினி. காஞ்சு போச்சு, அம்புட்டுத்தான்," என்றாள் ராஜாத்தி. பழம் வைத்திருந்த தட்டில் வாழைப்பழம், பரிசல்காரி கொடுத்ததில் மிச்சமிருந்த வெற்றிலை, பயணத்துக்கென்று கொண்டுவந்த பொட்டலப் பாக்கு, குங்குமம், நடுவில் பத்திரிகை. பால் காய்ந்ததும் ஆண்கள் இருவரையும் ஏதாவது சொல்லிக் கூப்பிட வேண்டும். என்ன சொல்லி என்பதைத்தான் இன்னும் யோசிக்கவில்லை.

கெண்டி பால் கொதிக்கப் போகிற நேரம் பார்த்து 'டக்' என்று தானாக அணைந்தது.

"பொங்கலையே," என்றாள் முனீஸ்வரி.

"காஞ்சிருச்சுல்ல மதினி."

"பொங்காம எப்பிடிடீ வீடு?"

ராஜாத்தி பொத்தானை மறுபடி அழுத்தினாள். அது மறுபடி அணைந்தது. அவள் தேக்கரண்டிக் காம்பை வைத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பால் முனகியது, நுரைத்தது, எழும்பியது. இரண்டு பேரும் கும்பிடப் போகிற நேரம், மூடியைத் தள்ளிக்கொண்டு ஒரே பொங்காகப் பொங்கி மேசையெல்லாம் வழிந்து, அடியில் இருந்த மின்தட்டில் இறங்கியது. பட்டென்று ஒரு வெளிச்சம். கருகின பால் வாசனையோடு புகை. பிறகு கூரையில் இருந்த ஏதோ ஒரு சிவப்புப் பெட்டி, கப்பலே அதிரும்படி அலற ஆரம்பித்தது.

மேல்தளத்தில் பானைகளை எல்லாரும் அப்படியே போட்டுவிட்டார்கள். படிகளில் வெறுங்கால்கள் தடதடத்தன. சுருளிராஜன்தான் முதலில் வந்தான், அறைக்குள் பாய்ந்து பெண்டாட்டியையும் அக்காவையும் பார்த்து, இருவரும் முழுசாக இருப்பதைக் கண்டு மூச்சு வாங்கினான். வெளியே தங்கப்பாண்டியன் இருநூற்று ஆறின் கதவைத் தட்டிக்கொண்டு, "முனீஸ்வரி, ஏ முனீஸ்வரி," என்று கத்துவது கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை நாலு பேர் கேட்கப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இங்கனதான் இருக்கேன்," என்றாள் அவள். அவர் திரும்பி, திறந்திருந்த கதவுக்குள், புகைக்குள், ஒரே எட்டில் நுழைந்தார்.

சுருளிராஜன் அவரைப் பார்த்தான். யோசிக்க அவனுக்கு நேரமில்லை. வாசலேறி வந்த ஆளைக் கண்டால் பிறந்ததிலிருந்து வாய் எதைச் சொல்லிப் பழகியதோ, அதைச் சொல்லிவிட்டது.

"வாங்க மச்சான்."

சிவப்புப் பெட்டியை யாரோ அணைத்தார்கள். தங்கப்பாண்டியன் குனிந்து தன் காலைப் பார்த்தார். பாதத்தில் பவுடர். வாசலில் கோலத்தின் நடுவே அவருடைய வலது காலின் அச்சு, அஞ்சு விரலும் தெளிவாக. சுருளிராஜனும் அதைப் பார்த்தான். மேசையில் வழிகிற பாலைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான்.

"பால் காச்சியாச்சு," என்றாள் ராஜாத்தி, தரையைப் பார்த்துக்கொண்டு. "இது நம்ம வீடு இப்ப."

வாசலுக்கு வெளியே தீயணைப்பு உருளையோடு ஒரு கப்பல்காரர், அவருக்குப் பின்னால் துவான், ஜேசுராஜ், அவர்கள் தோளுக்கு மேல் சிமெண்டுக் கடைக்காரர்களின் தலைகள். ராஜாத்தி கெண்டியில் மிச்சமிருந்த பாலைக் காகிதக் குவளையில் ஊற்றி முதலில் தீயணைப்புக்காரருக்குக் கொடுத்தாள். அவர் உருளையைக் கீழே வைத்துவிட்டு வாங்கிக் குடித்தார். முனீஸ்வரி புருஷனைப் பார்த்தாள். தட்டை எடுங்கள், ஒரு வார்த்தை சொல்லுங்கள், நான் உங்களிடம் வேறு எதுவும் கேட்டதில்லை என்று வாய்விட்டுச் சொல்ல நினைத்தாள். சொன்னால் அது அவள் அழைத்ததாகிவிடும். அவர் அழைக்க வேண்டும். தங்கப்பாண்டியன் தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார். ஒன்பது வருடம் அடைத்துக் கிடந்த குழாய், திருகினதும் காற்றுதான் வந்தது.

அந்த நேரத்தில் கீழே நங்கூரச் சங்கிலி கடகடவென்று ஏறியது. இயந்திரம் உறுமியது. கரைக்குத் திரும்புவதற்காகக் கப்பல் மெல்ல வளைந்தது. ஜன்னலில் நின்றுகொண்டிருந்த மலை நகர, மேசை லேசாகச் சாய்ந்தது. பால் வழுவழுப்பில் தட்டு தானாக வழுக்க ஆரம்பித்தது. யாரும் கொடுக்காமல், யாரும் வாங்காமல், வெற்றிலையும் பழமும் பத்திரிகையுமாக அது மெதுவாக மேசையின் விளிம்பை நோக்கிப் போவதை எல்லாரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பாதித் தட்டு வெளியே வந்து, வாழைப்பழம் ஒன்று உருண்டு விழுந்தது.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். தங்கப்பாண்டியனின் கை இந்தப் பக்கம், சுருளிராஜனின் கை அந்தப் பக்கம். தட்டு நின்றது. இப்போது ஒருவர் விட்டால் மற்றவர் வாங்கியதாகும், ஒருவர் தள்ளினால் மற்றவருக்குக் கொடுத்ததாகும். இருவரும் விடவும் இல்லை, தள்ளவும் இல்லை. முனீஸ்வரி நகர்ந்து வந்து புருஷன் பக்கத்தில், முறைப்படி நிற்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டாள். பால் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. இத்தனை அருகில் நின்று பார்க்கும்போது தம்பியின் மீசையில் நரை விழுந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. அதையேதான் புருஷனும் பார்த்துக்கொண்டிருந்தார். கப்பல் இன்னும் கொஞ்சம் வளைந்தது. தட்டை நேராக வைத்துக்கொள்ள, இருவரும் பேசிக்கொள்ளாமலே, ஒருவர் கையைக் கொஞ்சம் உயர்த்த மற்றவர் கையைக் கொஞ்சம் தாழ்த்தினார்.